யாரை வெறுப்பது?

மாரமங்கலத்துத் தேநீர்க் கடையொன்றில் அமர்ந்திருந்தோம். எதிர்ப் பெஞ்சியிலிருந்த பெரியவர் நம்பியாரை ஏசிக் கொண்டிருந்தார்.

எந்த நம்பியார் என்கிறீர்களா? எம்.என். நம்பியார்தான். அவர் மறைந்தது 2008 நவம்பரில். பெரியவர் அதைப் பொருட்படுத்துவதாயில்லை. கடைச் சுவரில் மாட்டியிருந்த தொலைக்காட்சியில் 'எங்க வீட்டுப் பிள்ளை' ஓடிக் கொண்டிருந்தது. 1965-ல் வந்த படம். அக்காள் கணவராக வரும் நம்பியார் சாட்டையை ஓங்குகிறார். கோழை ராமு குன்றிப் போகிறான். பெரியவர் கையிலிருந்த கண்ணாடிக் குவளை நடுங்குகிறது. "கட்டையில போறவனே! உன் கை வெளங்குமாடா?" என்கிறார். பக்கத்திலிருந்த பேரன் சிரிக்கிறான். சேலத்தில் தொழிற்பயிற்சி படிக்கும் பிள்ளை. "தாத்தா, அது படம் தாத்தா. அந்த ஆளு செத்தே போயிட்டாரு." பெரியவர் விடுவாரா? "செத்தா என்னடா? செஞ்சது இல்லேன்னு ஆயிடுமா?"

கிளைக் கழகக் கூட்டம் பேசி முடித்து, ஏற்காடு திரும்பும் பேருந்துக்காகக் காத்திருந்த நேரம் அது. கூட்டத்தில் நாம் பேசியதை விட, அந்தக் கடையில் கேட்டதுதான் மலை இறங்கும் வரை நம் மனத்தை விட்டு அகலவில்லை. "செஞ்சது இல்லேன்னு ஆயிடுமா?" சாட்டையடி எவருக்கும் விழவில்லை. வலி எவருக்கும் இல்லை. விழுந்தது ஒளி, வலித்தது பெரியவருக்கு! ஒரு மனிதன் தன் முகத்தையும் குரலையும் கொண்டு அறுபதாண்டுக்குப் பின்னும் மலையுச்சியில் ஒரு முதியவரின் இரத்தத்தைக் கொதிக்கச் செய்கிறான் என்றால், அதற்கு என்ன பெயர் இடுவது? உழைப்பு என்கிறோம் நாம்.

அந்த உழைப்பு விளைந்த களமும் தொலைவில் இல்லை. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் ஒரு பழைய நுழைவாயில் வளைவு நிற்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸ்! 1935-ல் டி.ஆர். சுந்தரம் தொடங்கிய நிறுவனம். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கே உருவாயின. இன்று வளைவுதான் மிச்சம். அந்த வளைவுக்குள் ஒரு காலத்தில் கலைஞர் பேனாவோடு நுழைந்தார், எம்.ஜி.ஆர். வாளோடு நுழைந்தார், நம்பியார் வேடத்தோடு நுழைந்தார். அதே நிறுவனம் 1950-ல் 'திகம்பர சாமியார்' எடுத்தபோது நம்பியார்தான் அதன் நாயகன். பல வேடங்கள் புனைந்து குற்றவாளிகளைத் துரத்திய நல்லவன். அதே 1950-ல், அதே நிறுவனத்தின் 'மந்திரி குமாரி'யில் அவரே ராஜகுரு, சூழ்ச்சியின் உருவம். காலையில் கண்டால் கைகூப்பலாம், மாலையில் கண்டால் கல்லெறியலாம். ஆள் ஒருவர்தானே!

நவாப் ராஜமாணிக்கத்தின் நாடகக் குழுவில் சிறுவனாகச் சேர்ந்து மேடைத் தொழில் பயின்றவர் நம்பியார். குடிக்காதவர், புலால் உண்ணாதவர். ஆண்டு தவறாமல் சபரிமலை ஏறிய குருசாமி. (மலை ஏறுவதில் நமக்கு உடன்பாடில்லை, ஒழுங்காக வாழ்ந்த மனிதரை மதிப்பதில் தடையுமில்லை.) ஆனால் நம் பாட்டிமார் அவர் முகம் திரையில் தோன்றியதும் மண்ணை வாரித் தூற்றினார்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது மாலை. நம்பியாருக்குக் கிடைத்தது மண். அந்த மண்தான் அவர் தொழிலில் வென்றதற்கான சான்று. வேறெந்தத் தொழிலில் தோழர்களே, வேலையைத் திறம்படச் செய்தவனுக்கு வசவு கூலியாகக் கிடைக்கிறது?

பி.எஸ். வீரப்பாவின் சிரிப்பை அறியாத தமிழர் உண்டா? கொட்டகைக் கூரை அதிரும். பிள்ளைகள் தாய் மடியில் முகம் புதைக்கும். அந்தச் சிரிப்புக்குச் சொந்தக்காரர் பின்னாளில் படத் தயாரிப்பாளரானார். 1962-ல் 'ஆலயமணி', 1963-ல் 'ஆனந்த ஜோதி'. 'நாடோடி மன்ன'னில் எம்.ஜி.ஆருக்குக் குழி பறித்த ராஜகுரு, ஐந்தே ஆண்டில் அதே எம்.ஜி.ஆரை நாயகனாக வைத்துப் படம் எடுத்த முதலாளி! வேடம் வேறு, ஆள் வேறு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இந்த வேறுபாட்டை நம் கூத்துக்காரர்கள் என்றோ அறிந்திருந்தார்கள். துகிலுரியும் இரவில் துச்சாதனன் வேடக்காரர் சேலையில் கை வைப்பதற்கு முன் சூடம் கொளுத்தி மன்னிப்புக் கேட்கும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. பக்தி என்பார்கள் சிலர். நாம் அதில் ஒரு தொழிலாளியின் வாக்குமூலத்தைக் காண்கிறோம்: "செய்யப் போவது நானல்ல, என் வேடம்." விடிந்தபின் அரிதாரம் கழுவிய அந்த மனிதரும் ஊராரோடு அமர்ந்து தேநீர் குடிப்பார். ஒருவரும் அவரை அடிக்க வருவதில்லை.

உலகெங்கும் இதே கதைதான். கான்ராட் வெய்ட் என்றொரு செர்மானிய நடிகர். மனைவி யூதப் பெண். இட்லர் ஆட்சிக்கு வந்த 1933-லேயே நாட்டை விட்டு வெளியேறினார். அமெரிக்கா சென்றதும் அவருக்கு எந்த வேடம் கிடைத்தது தெரியுமா? நாஜி அதிகாரி வேடம்! 1942-ல் வந்த 'காசாபிளாங்கா' படத்தில் மேஜர் ஸ்ட்ராஸர் அவர்தான். எவன் கொடுமைக்கு அஞ்சி ஊரை விட்டாரோ, அவன் சீருடையையே அணிந்து, அவனை உலகம் வெறுக்கும்படி நடித்துக் காட்டினார். பாதிக்கப்பட்டவன் தன் பகைவனுக்கு முகம் கொடுத்தான்.

நம் இயக்கத்துக்கு இந்த உண்மை புதியதா? இல்லை. அறிஞர் அண்ணா 'சிவாஜி கண்ட இந்து இராஜ்யம்' எழுதினார். சிவாஜியாக நடித்த கணேசனுக்குப் பெரியார் 1946-ல் அந்தப் பெயரையே பட்டமாகத் தந்தார். அது நாடறிந்த செய்தி. ஆனால் அந்த நாடகத்தில் அண்ணா எந்த வேடம் ஏற்றார்? மாமன்னன் சிவாஜியையா? வீர வசனம் பேசும் தளபதியையா? இல்லை. காகபட்டரை! பிறப்பைக் காட்டி முடிசூட்ட மறுத்து, பின்பு பொன்னையும் பொருளையும் கண்டு மனம் மாறும் பட்டரை! எழுதியவர் அவர், எந்த வேடத்தையும் எடுத்துக் கொண்டிருக்கலாம். மக்கள் வெறுக்க வேண்டிய வேடத்தைத் தமக்கென எடுத்துக் கொண்டார். மேடையில் அண்ணாவைப் பார்த்து மக்கள் பல்லைக் கடித்தார்கள். அதே மக்கள் 1967-ல் அவரை முதலமைச்சராக்கினார்கள். காகபட்டரையா தேர்ந்தெடுத்தார்கள்? அண்ணாவைத்தான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வீரப்பாவின் சிரிப்பு கேட்டதும் எச்சரிக்கையாகி விடுகிறோம். மீசையை முறுக்குபவன், புருவத்தை நெரிப்பவன், சாட்டையை எடுப்பவன், இவர்களைக் கண்டுகொள்ள அறிவு வேண்டியதில்லை, கண் போதும். ஆனால் சிரிக்காத வில்லன் ஒருவன் இருக்கிறான். அண்ணாவின் கதையைக் கொண்டு 1956-ல் 'ரங்கோன் ராதா' படமாகியபோது அவனைச் சிவாஜி கணேசன் காட்டினார். ஊரில் பெரிய மனிதன். நெற்றியில் பட்டை, பேச்சில் பணிவு, வீட்டில் செல்வம். மனைவியின் தங்கை மீது கண் வைத்து, மனைவியைப் பேய் பிடித்தவள் என ஊரையே நம்ப வைக்கிறான். ஊர் அவனுக்காக இரக்கப்படுகிறது! கொடுமை செய்பவனுக்கு அனுதாபம், கொடுமைக்காளானவளுக்கு வேப்பிலையடி! பானுமதி அந்த மனைவியாக நடித்தார். பராசக்தியில் கண்ட வீர இளைஞன் இப்படியொரு கயவனாக வரலாமா என்று கணேசன் தயங்கவில்லை. அதற்கு முன்பே, 1953-ல், இந்த மலையடிவாரத்து மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'திரும்பிப் பா'ரில் பெண்களின் வாழ்வைச் சூறையாடுபவனாக வந்தவர்தானே! புகழின் வாசற்படியில் நின்ற நடிகர், புகழைப் பணயம் வைத்து ஏற்ற வேடங்கள் அவை. இன்றைய நாயகர்களில் எத்தனை பேருக்கு அந்தத் துணிவு?

மாரமங்கலத்துப் பெரியவரை நாம் கேட்டோம்: "ஐயா, தோட்டத்தில் உங்களை எவனாவது இப்படிச் சாட்டையால் அடித்ததுண்டா?"

பெரியவர் நம்மை வியப்போடு பார்த்தார். "சாட்டையா? அதெல்லாம் எங்க அப்பன் காலத்துல, வெள்ளைக்காரத் தொர இருந்தப்ப சொல்லுவாங்க தம்பி. எங்க கணக்குப்புள்ள தங்கமான மனுசன். 'வாய்யா, புள்ளைங்க நல்லா இருக்குதா'ம்பாரு. ஒரு சுடுசொல்லு கெடையாது. பழம் அளக்கறப்ப மட்டும் அளவு கொறையும்."

"நீங்கள் கேட்கவில்லையா?"

"அம்புட்டு நல்ல மனுசங்கிட்ட எப்படிங்க தம்பி கேக்கறது?"

கேட்டீர்களா தோழர்களே! அடித்தே இராத நம்பியாருக்கு வசவு. ஆண்டாண்டாக அளவைக் குறைத்தவர் தங்கமான மனிதர்! மலையாளி என்பது இம்மலைப் பழங்குடி மக்களின் பெயர். கேரளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. மலையில் வாழ்பவர், தமிழ் பேசுபவர். 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் காப்பிச் செடியை இங்கே கொணர்ந்தார். செடி வேரூன்றியது, தோட்டம் பெருகியது. மலைக்குரியவர் பலர் மலையிலேயே கூலிகளானார்கள். இந்த நூறு இருநூறு ஆண்டுகளில் நிலத்தை எழுதி வாங்கியவரும் வட்டிக்குக் கொடுத்தவரும் அட்டகாசமாகச் சிரித்தா வாங்கினார்கள்? நலம் விசாரித்துத்தான் வாங்கியிருப்பார்கள். இந்த நலம் விசாரிக்கும் முகத்தை எவன் திரையில் காட்டுகிறானோ, அந்த நடிகனுக்குத்தான் நாம் பெரிதும் கடன்பட்டிருக்கிறோம்.

இங்கே ஒருவர் எழுந்து கேட்பார்: "வேடம் வேறு, ஆள் வேறு என்கிறீரே, எம்.ஆர். ராதா?"

நியாயமான கேள்வி. மறைக்க வேண்டியதில்லை. 1967 சனவரி 12. இராமாவரம் தோட்டத்தில் துப்பாக்கி வெடித்தது. எம்.ஜி.ஆர். கழுத்தில் குண்டு, ராதாவும் தம்மைச் சுட்டுக் கொண்டார். இருவரும் பிழைத்தனர். நீதிமன்றம் ராதாவைக் குற்றவாளி என்றது, சிறை சென்றார். குற்றம் குற்றமே. ஆனால் நாடு அன்று அதைக் குற்றமாகவா பார்த்தது? படமாகப் பார்த்தது! திரையில் நாயகனைக் கொல்ல வந்தவன் நேரிலும் வந்துவிட்டான் என்று பார்த்தது. ராதா சுட்டது வில்லன் வேடம் போட்டதனாலா? வில்லன் வேடம் போட்ட எத்தனையோ பேர் எறும்புக்கும் தீங்கு நினையாமல் வாழ்ந்து மறைந்தார்களே! கட்டுப்போட்ட கழுத்தோடு எம்.ஜி.ஆர். படம் சுவரெங்கும் ஒட்டப்பட்டது. பிப்ரவரியில் தேர்தல். மருத்துவமனையில் படுத்தபடியே பரங்கிமலையில் அவர் வென்றார். கழகம் ஆட்சி பிடித்தது. விலைவாசி, அரிசிப் பஞ்சம், 1965 மொழிப்போர்: வெற்றிக்கு ஆயிரம் காரணம் உண்டு. அந்தச் சுவரொட்டியும் ஒரு காரணம் என்பதை நாம் ஏன் மறைக்க வேண்டும்? ஒட்டியவர்கள் நாம்தானே!

வில்லனாக நடித்தவன் வில்லனல்லன் என்று கற்றுக் கொண்டோம். நம்பியார் நல்லவராமே என்று வியந்தோம். வியந்தது பாதிப் பாடம். நாயகனாக நடித்தவனும் அதனாலேயே நாயகனாகி விட மாட்டான் என்பது மீதிப் பாதி. அதைக் கற்க நமக்கு மனம் வரவில்லை. சாட்டையைப் பிடுங்கித் திருப்பியடித்த கை நிழலின் கை என்று அந்தப் பெரியவரிடம் நாம் சொல்லவில்லையே. சொன்னால் வாக்குக் குறையும் என அஞ்சினோம். 1972-ல் அதன் பலன் நமக்கே எதிராகத் திரும்பியது; 1977-ல் கோட்டைக்கே போயிற்று. எம்.ஜி.ஆருடைய ஆட்சியை அதன் செயலைக் கொண்டு அளப்பது வேறு, அவர் ஏற்ற வேடங்களைக் கொண்டு அளப்பது வேறு. முன்னதற்கு நாம் எப்போதும் அணியம். பின்னதைச் செய்யக் கற்றுக் கொடுத்ததில் நமக்கும் பங்குண்டு.

ராதாவைப் பற்றி இன்னொரு சொல். 1954-ல் வந்த 'இரத்தக்கண்ணீர்' மோகனை நாடு வெறுத்ததா? வெறுக்கத்தான் வேண்டும். கட்டிய மனைவியை ஒதுக்கி, பெற்ற தாயை உதைத்து, செல்வத்தை வாரியிறைத்தவன். ஆனால் கொட்டகையில் அவன் வாய் திறந்தால் கைதட்டல்! அவ்வளவு கூர்மை ராதாவின் நாக்குக்கு. தன் கேட்டை உணர்ந்தபின், மனைவியை நண்பனுக்கு மணம் முடித்து வைக்கிறான் மோகன். 1954-ல்! அதற்காகவே அந்தப் படத்தை வணங்கலாம். ஒரு குறை மட்டும் சொல்லியாக வேண்டும். தொழுநோய் ஒழுக்கக் கேட்டுக்குக் கிடைக்கும் தண்டனையல்ல. கிருமியால் வருவது, மருந்தால் தீர்வது. பகுத்தறிவு பேசிய படம் அங்கே சறுக்கியது.

ராதாவுக்குக் கைதட்டியவர்கள் மோகனாக விரும்பவில்லை. வீரப்பாவைப் போலச் சிரித்துக் காட்டிய பிள்ளைகள் வாளெடுத்துக் கிளம்பவில்லை. சிரிப்பை எடுத்துக் கொண்டார்கள், செயலை விட்டுவிட்டார்கள். அந்த வரம்பு 2023-ல் உடைந்தது.

'மாமன்னன்' படத்தைச் சொல்கிறோம். 2023 சூன் 29-ல் வெளியாயிற்று. மாரி செல்வராஜ் இயக்கம். நம்மவர் நடித்த படம் என்பதற்காக எடுக்கவில்லை. இந்தச் சேலத்து மண்ணின் கதை என்பதற்காக எடுக்கிறோம். சட்டமன்ற உறுப்பினரே ஆனாலும், மாமன்னன் தன் எதிரில் நாற்காலியில் அமரக் கூடாது என்று எண்ணும் ரத்னவேலு. அந்த வேடத்தில் பகத் பாசில். நம்பியாரைப் போல அவரும் மலையாளக் கரையிலிருந்து வந்தவர். கூச்சலில்லை, அட்டகாசச் சிரிப்பில்லை. நாற்காலியின் மீது விழும் ஒரு பார்வை போதும். சாதி என்றால் என்னவென்று விளங்கிவிடும். நாயை அடித்துக் கொல்லும் காட்சியில் நாம் முகத்தைத் திருப்பிக் கொண்டோம். வெறுப்பை விளைவிப்பதில் நம்பியார் தொட்ட உயரத்தை இவர் தொட்டார் என்போம்.

நடந்தது என்ன? படம் இணையத் திரைக்கு வந்ததும், ரத்னவேலுவின் காட்சிகளை வெட்டியெடுத்து, தத்தம் சாதிப் பெருமைப் பாட்டைச் சேர்த்து ஒட்டி, வீரனாக்கி உலவவிட்டார்கள். வெறுக்கப் படைத்தவனுக்கு ஆரத்தி! மாமன்னன் ஏன் நிற்கிறான் என்று கேட்க வேண்டியவர்கள், நிற்க வைத்தவனின் நடையழகைப் பாடினார்கள்.

நடிகர் மேல் பழி போடுவோர் உண்டு. அவ்வளவு அழகாக நடித்திருக்கக் கூடாதாம்! அசடாக, கோமாளியாகக் காட்டியிருக்க வேண்டுமாம். இதை நாம் மறுக்கிறோம். சாதி வெறியனைக் கோமாளியாகக் காட்டினால், ஊரிலுள்ள மிடுக்கான சாதி வெறியன் தப்பித்துக் கொள்வான். "நான் அப்படியா இருக்கிறேன்?" என்பான். ரத்னவேலு மிடுக்காயிருப்பதுதான் உண்மை. நடிகர் தம் பங்கை முடித்து, அரிதாரம் கழுவிப் போய்விட்டார். வெறுக்க வேண்டியது நம் பங்கு. அதில் தவறியவர்கள் பார்த்தவர்கள். அவர்களோடு பேசத் தவறியவர்கள் நாம்.

ஒரு காலத்தில் நாடகம் முடிந்ததும் பேச்சு நடக்கும். திரை விழுந்தவுடன் கூட்டம் கலைந்து விடாது. எவன் ஏன் கெட்டவன் என்று மேடையிலிருந்து ஒருவர் பேசுவார், கீழிருந்து ஒருவர் மறுப்பார். இன்று படிப்பகங்கள் பல பூட்டிக் கிடக்கின்றன. அவற்றைத் திறந்து, மாதம் ஒரு படம் போட்டு, முடிந்ததும் அரைமணி நேரம் பேசக் கிளைக் கழகங்களால் ஆகாதா? 'ரங்கோன் ராதா'வில் தொடங்கலாம். பெண்களை அழைக்காமல் நடத்தாதீர்கள். அந்தப் படத்தைப் பற்றிப் பேச அவர்களுக்குத்தான் அதிகம் உண்டு.

இத்தனையும் ஏன் எழுதுகிறோம் என்றால், அந்தத் தேநீர்க் கடையில் இன்னொன்றும் கண்டோம். பெரியவரின் பேரன் கைப்பேசியை எடுத்தான். திரையில் ரத்னவேலு, அவன் வைத்திருந்த ஸ்டேட்டஸ் அது. நமக்குத் திக்கென்றது. பழங்குடி வீட்டுப் பிள்ளை!

"தம்பி, இதை ஏன் வைத்திருக்கிறாய்?"

"சும்மாதாண்ணே. கெத்தா இருக்காரு. கூடப் படிக்கிற பசங்க அனுப்புனாங்க."

பெரியவர் கை நீட்டிக் கைப்பேசியை வாங்கினார். கண்ணுக்கருகே பிடித்துப் பார்த்தார். நம்பியாருக்குக் கொட்டிய வசவில் ஒரு சொல்லும் இப்போது வரவில்லை. திரையில் ஒருவன் அமர்ந்திருக்கிறான், எதிரில் ஒருவர் நிற்கிறார். பெரியவர் நெடுநேரம் பார்த்திருந்தார். பிறகு பேரனைக் கேட்டார்:

"இவரு எந்தத் தோட்டத்து மொதலாளிடா? இப்படித்தான் நான் நின்னுக்கிட்டே இருப்பேன்."

பையன் பதில் சொல்லவில்லை. கைப்பேசியை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக் கொண்டான். பேருந்தின் ஒலி வளைவில் கேட்டது. நாம் எழுந்தோம்.